தீர விசாரிக்காத சாட்சி

2014-ம் வருடம் ஊர் உலகமே தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், கம்பெனி முதலாளிகள் என்று ஒருவர் விடாமல் வாளியும் கையுமாக நின்றார்கள். பார்க்க வேடிக்கைதான். ஆனால் அதன் பின்னால் இருந்தது ஒரு கொடுமையான நோய். ஏ.எல்.எஸ்.

தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு என்று வரிசையாக எல்லாம் நின்றுபோகும். ஸ்டீஃபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது இதுதான். (அவர் ஐம்பது வருடத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தது அபூர்வம். பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது சில வருடங்கள்தான்.) அந்த ஐஸ் தண்ணீர் விளையாட்டில் அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் வந்து சேர்ந்த நன்கொடை சுமார் 11 கோடியே 50 லட்சம் டாலர்!

இப்படி ஜனங்கள் நோய்களுக்காகக் கொடுக்கிற பணமும், அரசாங்கங்கள் கொடுக்கிற பணமும் லேபுக்குள் போய் என்னவாகிறது? சம்பளம், மெஷின், எலி, கெமிக்கல்... இவற்றோடு ஒரு பகுதி சின்னச் சின்னக் குப்பிகளாக மாறுகிறது. குப்பிக்குள் இருப்பது ஒரு மில்லி லிட்டரில் பத்தில் ஒரு பங்கு திரவம். விலை சில நூறு டாலர். ‘இன்ன புரதத்தைக் காட்டிக் கொடுக்கும் ஆன்டிபாடி’ என்று மேலே ஒரு லேபிள்.

அந்த லேபிளை நம்பலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

பெயரில்லாத ஒரு புரதம்

2011-ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தன. ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனில் ஜி-ஜி-ஜி-ஜி-சி-சி என்ற ஆறெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பொதுவாக முப்பது தடவைக்கும் குறைவு. நோயாளிகளுக்கோ நூற்றுக்கணக்கில், பல சமயம் ஆயிரக்கணக்கில்! ஐரோப்பிய வம்சாவளியினருக்குப் பரம்பரையாக வரும் ஏ.எல்.எஸ்.-க்கும், அதன் பங்காளியான ஒரு வகை மூளைச் சிதைவு நோய்க்கும் முதன்மையான காரணம் இதுதான் என்று தெரிந்தது.

அந்த ஜீனின் பெயர் சி9ஆர்ஃப்72. ‘ஒன்பதாவது குரோமோசோமில், புரதம் செய்யும் போலத் தெரிகிற 72-வது பகுதி’ என்பதன் சுருக்கம். அது என்ன செய்கிறது என்று தெரியாத காலத்தில் ஒட்டிய கதவு எண். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

இந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது? செல்லுக்குள் எப்போதும் சரக்குப் போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் செய்த புரதம் இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும். வெளியிலிருந்து விழுங்கியதைச் செரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பழையதைக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். இதெல்லாம் சவ்வால் ஆன குட்டிக் குட்டிப் பைகளில் நடக்கிறது. இந்தப் போக்குவரத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013-ல் நோபல் பரிசு. எந்தப் பை எங்கே போக வேண்டும் என்பதற்கு முகவரிச் சீட்டு போல இருப்பவை ‘ராப்’ என்னும் புரதங்கள். அந்த ராப் புரதங்களை முடுக்கிவிடும் குடும்பத்தின் சாயல் சி9ஆர்ஃப்72-க்கும் இருக்கிறது. ஆக, இதுவும் போக்குவரத்துத் துறை ஊழியர்தான்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஆறெழுத்துத் துண்டு நீண்டுபோனால் நோய் ஏன் வருகிறது? இந்தப் புரதம் போதுமான அளவு உற்பத்தியாகாமல் போவதாலா? அல்லது நீண்டுபோன துண்டிலிருந்து உண்டாகும் ஆர்.என்.ஏ.வும் அதிலிருந்து வரும் வேண்டாத புரதத் துணுக்குகளும் நஞ்சாவதாலா? அல்லது இரண்டும் சேர்ந்தா? முதலாவது சரி என்றால் புரதத்தைக் கூட்டுகிற மருந்து வேண்டும். இரண்டாவது சரி என்றால் அந்த ஜீனின் வாயை அடைக்கிற மருந்து வேண்டும். இரண்டும் நேர் எதிர்த் திசைகள்!

எந்தத் திசை என்று முடிவு செய்ய, அந்தப் புரதம் நோயாளியின் செல்லில் எவ்வளவு இருக்கிறது, எந்த மூலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு உள்ள கண், அந்தக் குப்பிக்குள் இருக்கும் ஆன்டிபாடி.

குப்பிக்குள் என்ன?

ஆன்டிபாடி என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் எதிர்ப்பொருள்தான். உடம்புக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் அதைப் பிடித்துக்கொள்ள உடம்பு தயாரிக்கும் புரதம். இதை லேபுக்காகத் திருப்பிவிட்டார்கள். தேவையான புரதத்தின் ஒரு துண்டை முயலுக்கு ஊசி போட்டால், சில வாரத்தில் அதன் ரத்தத்தில் அந்தத் துண்டைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் வந்துவிடும். ஆனால் முயலுக்கு முயல் மாறும். ஒரு முயல் போனால் அதே சரக்கு மறுபடி கிடைக்காது. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை முடிவில்லாமல் சுரக்கும் செல்களை உருவாக்கினார்கள். 1984-ல் நோபல் வாங்கினார்கள். அதிலிருந்து ஆன்டிபாடி ஒரு பெரிய வியாபாரம். இன்றைக்குக் கேட்லாக்குகளில் லட்சக்கணக்கில் கிடைக்கிறது.

லேபில் இதை அதிகம் பயன்படுத்துவது வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனையில். (எட்வின் சதர்ன் என்பவர் டி.என்.ஏ.வுக்குக் கண்டுபிடித்த முறைக்கு அவர் பெயரால் சதர்ன் பிளாட் என்று பெயர். அந்தத் தெற்கை வைத்து விளையாட்டாகப் புரதத்துக்கு மேற்கு என்று வைத்துவிட்டார்கள்!) செல்லை உடைத்து, அதிலுள்ள புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்றி, அதன் மேல் ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். ஆன்டிபாடி எங்கே ஒட்டுகிறதோ அங்கே ஒரு கறுப்புக் கோடு தெரியும். கோடு இருந்தால் புரதம் இருக்கிறது. அடர்த்தியாக இருந்தால் அதிகம் இருக்கிறது.

கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆன்டிபாடி வாய் திறந்து பேசாது. தான் ஒட்டிக்கொண்டது யார் மேல் என்று அது சொல்லாது. செல்லில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அதே அளவுள்ள வேறொரு புரதத்தில் ஒட்டியிருந்தாலும் அதே இடத்தில் அதே கறுப்புக் கோடுதான் வரும். எதிர்பார்த்த இடத்தில் கோட்டைப் பார்த்த மாணவருக்குச் சந்தேகமே வராது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தேடுகிறவன் கண்ணுக்குக் கறுத்ததெல்லாம் தேடிய புரதம்.

மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது இன்னும் மோசம். அங்கே அளவும் தெரியாது. ஒளிர்கிற புள்ளிகள் மட்டும்தான். பச்சைப் பச்சையாக அழகாக ஜொலிக்கும் படத்தைப் பார்த்து ‘அது இல்லை’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்!

மாண்ட்ரீல் பரிசோதனை

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரே வகை செல்லில் இரண்டு கூட்டம். ஒரு கூட்டத்தில் அந்த ஜீன் உண்டு. இன்னொரு கூட்டத்தில் கிரிஸ்பர் முறையில் அந்த ஜீனை முடக்கிவிட வேண்டும். ஜீன் இல்லாத செல்லில் அந்தப் புரதம் இருக்கவே முடியாது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். முதலாவதில் கோடு வந்து, இரண்டாவதில் கோடு மறைந்தால் ஆன்டிபாடி நல்லது. இரண்டிலும் அதே கோடு வந்தால்? இல்லாத ஆளை ‘இதோ இருக்கிறார்’ என்று சாட்சி சொல்கிறது அந்தக் குப்பி.

கனடாவின் மாண்ட்ரீல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் ஆய்வு நிறுவனத்தில், பீட்டர் மெக்ஃபர்சனின் குழு சி9ஆர்ஃப்72-க்கு இதைத்தான் செய்தது. சந்தையில் கிடைத்த ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஆன்டிபாடிகளை எடுத்து, ஜீன் உள்ள செல், ஜீன் இல்லாத செல் என்று வரிசையாகச் சோதித்தது. வெஸ்டர்ன் பிளாட், கரைசலிலிருந்து புரதத்தைப் பிடித்து இழுப்பது, மைக்ரோஸ்கோப் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பரீட்சை. முடிவுகள் 2019-ல் இ-லைஃப் பத்திரிகையில் வந்தன.

நல்ல ஆன்டிபாடிகள் சில கிடைத்தன. அவற்றை வைத்துப் பார்த்தபோது, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் இந்தப் புரதம், விழுங்கியதைச் செரிக்கும் அறைகளில் இருப்பது தெரிந்தது. போக்குவரத்து வேலைக்குப் பொருந்திப்போகிற இடம். மகிழ்ச்சி. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. பலராலும் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகளில் பயன்பட்ட சில ஆன்டிபாடிகள், சி9ஆர்ஃப்72-ஐ அடையாளமே காணவில்லை!

அதற்கு முன் இந்தப் புரதம் கருவுக்குள் இருக்கிறது, கருவைச் சுற்றிய சவ்வில் இருக்கிறது, சைட்டோபிளாசத்தில் இருக்கிறது என்று ஆளுக்கொரு செய்தி வந்துகொண்டிருந்தது. அவற்றில் எது உண்மையான புரதத்தைப் பார்த்தது, எது யாரோ ஒரு அந்நியரைப் பார்த்தது? ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்த்தான் பார்க்க வேண்டும். மருந்தின் திசையையே தீர்மானிக்கிற கேள்விக்கு இப்படி ஒரு நிலைமை.

யார் தப்பு?

யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் வேதனை. ஒரு மாணவர் புதிதாக லேபில் சேர்கிறார். எந்த ஆன்டிபாடி வாங்குவது என்று சீனியரைக் கேட்கிறார். சீனியர் தனக்கு முன்னால் இருந்தவர் வாங்கியதைச் சொல்கிறார். அல்லது பெரிய பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையில் எதைப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்து அதையே ஆர்டர் செய்கிறார். கேட்லாக்கில் ‘இத்தனை ஆய்வுகளில் பயன்பட்டது’ என்று எண்ணிக்கை வேறு போட்டிருக்கும். எண்ணிக்கை அதிகமாக இருந்தால் நம்பிக்கை அதிகம். அவரும் அதை வைத்துக் கட்டுரை எழுதினால் எண்ணிக்கையில் இன்னும் ஒன்று கூடும்.

அதாவது ஒருவரைப் பார்த்து ஒருவர் ஓட்டுப் போடுகிறார்கள். வேட்பாளரை யாருமே விசாரிக்கவில்லை. இந்த முறையில் நேற்று வந்த நல்ல ஆன்டிபாடி டெபாசிட் இழக்கும். பழைய மோசமான ஆன்டிபாடி அமோக வெற்றி பெறும். ஒரு குப்பியை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பது அது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரமே இல்லை. இந்த ஒரு விஷயம் மட்டும் எல்லா லேப் சுவரிலும் எழுதி ஒட்டப்பட வேண்டியது.

சி9ஆர்ஃப்72 மட்டும் துரதிர்ஷ்டசாலி என்று நினைக்க வேண்டாம். 2008-ல் மனிதப் புரதங்களுக்கான வரைபடம் தயாரித்த ஸ்வீடன் குழு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனை ஆன்டிபாடிகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிதான் தேறின. 2015-ல் பிராட்பரி, புளூக்துன் இருவரும், கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் கையெழுத்திட்டு நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மோசமான ஆன்டிபாடிகளால் உலகம் முழுக்க வருடத்துக்கு சுமார் 80 கோடி டாலர் வீணாகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. ஐஸ் தண்ணீரில் அமெரிக்க சங்கத்துக்குக் கிடைத்ததைப் போல ஏழு மடங்கு, வருடா வருடம்!

மாண்ட்ரீல் குழு தன் முறையைப் பெரிதாக்கியது. ஒய்-காரோஸ் என்ற திறந்த திட்டத்தில் ஆன்டிபாடி கம்பெனிகளே தங்கள் சரக்கைச் சோதனைக்குக் கொடுத்தன. 2023-ல் வந்த முடிவு: நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளில் பாதிக்கும் மேல் ஏதாவது ஒரு சோதனையிலாவது தோற்றன. சராசரியாக ஒரு புரதத்துக்கு 12 ஆய்வுக் கட்டுரைகளில், அந்தப் புரதத்தைக் காட்டாத ஆன்டிபாடி பயன்பட்டிருந்தது.

அதில் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கு உண்டு. மைக்ரோஸ்கோப் வேலைக்கு ஏற்றது என்று கம்பெனிகள் சிபாரிசு செய்த ஆன்டிபாடிகளில், ஜீனை முடக்கிப் பார்த்துச் சிபாரிசு செய்தவற்றில் சுமார் 80 சதவீதம் தேறின. சுற்றி வளைத்து, மறைமுகமாகச் சோதித்துச் சிபாரிசு செய்தவற்றில் தேறியது 38 சதவீதம்தான். ‘சோதித்துவிட்டோம்’ என்று இருவரும்தான் சொல்கிறார்கள். எப்படிச் சோதித்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எதிர்வாதங்கள்

இதற்குச் சிலர் சொல்லும் பதில்கள் உண்டு. அவற்றையும் பார்த்துவிடுவது நியாயம்.

‘விற்கிறவன் பொறுப்பு, வாங்குகிறவன் ஏன் சோதிக்க வேண்டும்?’ பாதி நியாயம். மிக்சி வாங்கினால் ஓட வேண்டும். ஆனால் ஆன்டிபாடி மிக்சி இல்லை. வெஸ்டர்ன் பிளாட்டில் ஒழுங்காக வேலை செய்வது மைக்ரோஸ்கோப்பில் சொதப்பலாம். ஒரு செல்லில் சரியாக இருப்பது இன்னொரு செல்லில் வேறு எதையாவது பிடிக்கலாம். கம்பெனி எல்லா லேபுக்குள்ளும் வந்து நிற்க முடியாது. கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்கிறவர்தான் கடைசிப் பொறுப்பாளி.

‘செலவு?’ உண்மைதான். ஜீன் இல்லாத செல் ஒன்றைத் தயாரிக்கவோ வாங்கவோ ஆகும் செலவு குப்பியின் விலையை விட அதிகம். சின்ன லேபுக்குப் பெரிய சுமை. ஆனால் இதற்கு எதிர்த் தட்டில் இருப்பது என்ன? ஒரு பிஎச்.டி. மாணவரின் இரண்டு, மூன்று வருடம். கனடாவில் டொரன்டோவைச் சேர்ந்த ஒரு குழு கணையப் புற்றுநோய்க்கு அடையாளம் கிடைத்துவிட்டது என்று நம்பி இரண்டு வருடம் உழைத்தது. கடைசியில் பார்த்தால் வாங்கிய சோதனைக் கிட் பிடித்தது வேறொரு புரதத்தை. போனது சுமார் ஐந்து லட்சம் டாலர்! அவர்கள் மூடி மறைக்காமல் வெளியே சொன்னார்கள். சொல்லாமல் விட்ட லேபுகள் எத்தனையோ!

‘சில ஜீன்களை முடக்கினால் செல்லே செத்துவிடுமே?’ சரியான கேள்வி. அப்படிப்பட்ட இடங்களில் முழுதாக முடக்காமல் உற்பத்தியைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரே புரதத்தின் வேறு வேறு பகுதியைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகள் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்கலாம். 2016-ல் ஒரு சர்வதேசக் குழு இப்படி ஐந்து வழிகளை வகுத்துக் கொடுத்திருக்கிறது. விதிவிலக்கு இருக்கிறது என்பதற்காக விதியையே விட்டுவிட வேண்டியதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, பத்திரிகைகள். ஒரு புரதம் இங்கே இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் கட்டுரையில், அந்த ஆன்டிபாடி அதே செல்லில், அதே சோதனையில் வேலை செய்கிறது என்பதற்கான படம் கட்டாயம் இருக்க வேண்டும். படம் இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். ஆன்டிபாடியின் கேட்லாக் எண்ணும், 2014-லிருந்து புழக்கத்தில் இருக்கும் ஆர்.ஆர்.ஐ.டி. என்ற அடையாள எண்ணும் இல்லாத கட்டுரையை யாரும் சரிபார்க்கவே முடியாது. ‘இன்ன கம்பெனியின் ஆன்டிபாடி’ என்று மட்டும் எழுதுவது, ‘ஒரு சாட்சி சொன்னார்’ என்று தீர்ப்பு எழுதுவது போல.

இரண்டாவது, பணம் கொடுப்பவர்கள். ஒவ்வொரு லேபும் தனித்தனியாகச் சோதிப்பது வீண் செலவு. ஒரு முறை பொதுவில் சோதித்து, தோற்றது ஜெயித்தது எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி போட்டுவிட்டால் உலகம் முழுக்கப் பயன்படும். 2023 முடிவுகளுக்குப் பிறகு கம்பெனிகள் தோற்றுப்போன ஆன்டிபாடிகளில் சுமார் 20 சதவீதத்தை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டன. சுமார் 40 சதவீதத்துக்குச் சிபாரிசை மாற்றின. வெளிச்சம் போட்டால் கடைக்காரரும் அலமாரியைச் சுத்தம் செய்கிறார்! இந்த வேலைக்குப் புதுக் கண்டுபிடிப்பு என்ற பெருமை கிடைக்காது. அதனாலேயே மானியம் கிடைப்பது கஷ்டம். இந்த எண்ணம்தான் மாற வேண்டும்.

மூன்றாவது, சரக்கு. ஆன்டிபாடியின் மரபணு வரிசையைப் படித்து, அதை வைத்தே திரும்பத் திரும்பத் தயாரிக்கும் வகை இப்போது இருக்கிறது. ரீகாம்பினன்ட் என்பார்கள். 614-ல் நடந்த போட்டியிலும் சராசரியாக இந்த வகைதான் முன்னால் நின்றது. முயல் செத்தாலும் சரக்கு மாறாது. கிடைக்கும் இடத்தில் இதைத்தான் வாங்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. அதே ஆய்வின்படி, சோதனையைப் பொறுத்து, 50 முதல் 75 சதவீதப் புரதங்களுக்குக் குறைந்தது ஒரு நல்ல ஆன்டிபாடியாவது சந்தையில் ஏற்கெனவே இருக்கிறது. எது அது என்று தெரியாமல்தான் ஆட்கள் பக்கத்துக் குப்பியை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எல்லோருக்கும் தெரியும். கறுப்புக் கோடு கண்ணால் காண்பது. ‘சீனியர் இதைத்தான் வாங்கினார்’ என்பது காதால் கேட்பது. ஜீன் இல்லாத செல்லில் ஊற்றிப் பார்ப்பதுதான் தீர விசாரிப்பது.

உயிரியல் படிக்கிற நண்பர்களே, ப்ராஜெக்ட்டுக்கு ஆன்டிபாடி ஆர்டர் செய்யும் முன் அரை மணி நேரம் செலவழித்து, ஜீன் இல்லாத செல்லில் அதை யாராவது சோதித்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். ஒய்-காரோஸ் அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் கைடிடம் தயங்காமல் கேளுங்கள். ‘இது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. இந்தக் கேள்வியை 2019-க்கு முன்பே நாலு பேர் கேட்டிருந்தால், ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்குக் கொஞ்சம் காலம் மிச்சமாகியிருக்கும். அவர்களிடம் அதிகம் இல்லாதது அதுதான்.